பேச்சு வைத்தியம் நடக்கிறது, பேசாதீர்கள்

மனிதகுலத்தின் மனக்கவலை 1960ஆம் ஆண்டு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் வட்டார அலுவலகத்துக் கீற்றுக்கொட்டகையில் அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்டது. சரித்திரப் புத்தகங்கள் இதைக் குறிப்பிடாதது வெறும் பொறாமை.

ஒழித்தவர் சமூகக் கல்வி அமைப்பாளர் திரு. முத்துராமன். பட்டணத்துப் பயிற்சியில் 'மனம் நொந்தவர்களைப் பேச்சால் குணப்படுத்தலாம்' என்று கற்று வந்திருந்தார். யாருடைய பேச்சால் என்று விளக்கிய அன்று அவர் வயிற்றுக்கோளாறால் வகுப்புக்குப் போகவில்லை. விட்டுப்போன பாடத்தை ஊகத்தால் நிரப்பிக்கொள்வதுதானே நிர்வாகம்? ஊருக்கு வந்ததும் மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டார்.

தண்டோரா கேட்டு ஆவூர்ப் பக்கத்திலிருந்து முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார் ஜெபமாலை. போன வருஷம் அவருடைய கிணற்றைத் தூர்வாரத் தம்பி இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் இவர். மண் சரிந்தது. கயிறு மட்டும் மேலே வந்தது. அன்று முதல், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் வடத்தைத் தொட்டாலே அவருக்குக் கை நடுங்கும், மூச்சு முட்டும். மாடு சும்மா நின்றது. தண்ணீர் இல்லாமல் கொல்லையில் கடலை வாடியது. இன்னும் ஒரு வாரம் இறைக்காவிட்டால் வருஷத்துச் சாப்பாடு போச்சு.

கம்பவுண்டர் சிவப்பு மிக்சர் கொடுத்தார். அது வயிற்றோடு நின்றுவிட்டது. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், "இதுல பாவமே இல்லையேப்பா, நான் எதை மன்னிக்கிறது?" என்றார் சாமியார். "பாவம் இல்ல சாமி, பாரம் இருக்கு" என்று சொல்ல நினைத்தார் ஜெபமாலை. பின்னால் வரிசை நீளமாக இருந்ததால் எழுந்து வந்துவிட்டார்.

ஆகவே பேச்சு வைத்தியம்! என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை மூன்றையும், சிக்கனத்தை முன்னிட்டு, முத்துராமன் ஒருவரே ஏற்றுக்கொண்டார்.

"கவலை எனும் கரும்பாறையைக் கல்வி எனும் கடப்பாரையால் உடைப்போம்! துயரம் எனும் கிணற்றைத் தூர்வாருவோம்!"

ஜெபமாலை துண்டை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தார். இதற்குக் கம்பவுண்டரே தேவலை என்று தோன்றியது.

பக்கத்தில் இருந்த மூக்காயி குனிந்து பார்த்தாள். கொழும்புக்குப் போன புருஷனிடமிருந்து சேதி வராமல் நெஞ்சுப் படபடப்போடு வந்தவள் அவள்.

"என்னண்ணே, வேர்த்துக் கொட்டுது?"

"தம்பிய... கெணத்துல எறக்குனேன், தங்கச்சி."

"தம்பி பேரு என்னண்ணே?"

ஒரு வருஷமாக 'செத்தவன்', 'அந்தப் பய', 'கெணத்துல விழுந்தவன்' என்றார்களே தவிர, பேரை யாரும் கேட்கவில்லை.

"வேளாங்கண்ணி" என்றார். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

மைக் கீச்சிட்டது. "அங்கே யார்? பேச்சு வைத்தியம் நடக்கிற இடத்தில் பேசுவது யார்?"

"நாந்தாங்க. எனக்குக் கொஞ்சம் பேசணுங்க."

"பேசுறதுக்குத்தான் நான் இருக்கேனே!" என்றார் முத்துராமன்.

பியூன் ஓடி வந்தார். "ரெண்டு பேரும் அங்கிட்டு வெளிய போங்க. நோயாளிக்குத் தொந்தரவு பண்ணாதீங்க."

நோயாளிகளில் பெரும்பாலோர் அதற்குள் அயர்ந்து தூங்கியிருந்தார்கள். தூக்கம் வராத வியாதியில் முழு வெற்றி.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெபமாலை பேசினார். கயிறு கனத்தது, கனம் இல்லாமல் போனது, "அண்ணே, கெட்டியாப் பிடிச்சுக்க" என்று தம்பி சொன்னது, எல்லாம். மூக்காயி புத்தி சொல்லவில்லை. "ம்", "அப்பறம்?" இவ்வளவுதான் சொன்னாள். அழுது முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"ஒன் ஆளு எப்பப் போனாரு தங்கச்சி?"

இப்போது அவள் பேசினாள்.

மறுநாள் ஜெபமாலை வடத்தைத் தொட்டார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் விடவில்லை. இரண்டு சால் இறைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாள் மாடு மத்தியானம் வரை நடந்தது. கடலை பிழைத்தது.

செய்தி முத்துராமனுக்கு எட்டியதும் வெற்றி விழா ஏற்பாடாயிற்று. ஜெபமாலையை மேடையேற்றி மாலை போட்டார்கள்.

"கமலைப் பக்கமே போகாதவர் இன்று இறைக்கிறார்! எதனால்? என் பேச்சால்!"

"ஐயா, அது வந்து, என் தம்பி வேளாங்கண்ணி..."

"நேரமில்லை. கையை மட்டும் தூக்குங்க, போதும்."

தூக்கினார். கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. ஜெபமாலை மாலையைக் கழற்றிவிட்டு இறங்கி, கடைசி வரிசையில் மூக்காயி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "சேதி ஏதும் வந்துச்சா?" என்று மெல்லக் கேட்டார். பியூன் இருவரையும் முறைத்தார்.

எங்கள் வட்டாரத்தில் மனக்கவலை உள்ளவர் எவரும் இல்லை என்று அன்றே மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. அதில் பொய் ஒன்றும் இல்லை. முத்துராமன் தம் காதால் கேட்டவரை ஒருவரும் இல்லைதான்.