ஆளுநரின் அவசரநிலை

டென்மார்க்கில், விபோர்க்குக்குப் பக்கத்துச் சிறு நகரமொன்றின் தமிழர் கலாசார ஒன்றியத்துக்கு, மற்ற ஒன்றியங்களைப்போல வெறும் தலைவர் இல்லை, ஆளுநர் இருந்தார். இலங்கையில் சண்டை இறுகியபோது ‘தலைவர்’ என்ற சொல்லின் பாரம் போதாதென்று சபை கண்டு, பரமானந்தத்தாரை அப்படி உயர்த்தியது. கூடவே அவசரகால அதிகாரமும் வழங்கியது. மண்டபத்தில் மேளமில்லை, ஆட்டமில்லை, கலியாணமில்லை, சடங்கில்லை. ஒருவரும் மறுக்கவில்லை. அப்போது ஆருக்கும் பாட மனமிருக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மேயில் சண்டை முடிந்தது. அடுத்த கோடையும் வந்தது. அவசரநிலை மட்டும் அசையவில்லை.

தவமணி, மகள் லக்சனாவின் கலியாணத்துக்கு மண்டபம் கேட்டுப் போனாள்.

“சண்டை முடிஞ்சு வருசமாச்சே, அண்ணை.”

“ஓம். ஆனா முடிஞ்சதெண்டு ஒன்றியத்துக்கு ஒருத்தரும் உத்தியோகபூர்வமா அறிவிக்கேல்லை.”

ஆர் அறிவிக்க வேணுமென்று கேட்டாள். ஆளுநர்தான் என்றார். அப்ப அறிவியுங்கோ என்றாள். அவசரகாலத்தில் ஆளுநர் அறிவித்தல் விடுவது முறையல்ல என்று பொறுமையாக விளக்கினார்.

வீட்டில் மகள் டேனிஷில் பேச்சை முடித்துவிட்டாள்: நகரசபைக் கொம்யூனில் கையெழுத்து வைக்கிறோம், அரை மணித்தியாலம், போதும். மேளமில்லாத கலியாணத்துக்குத் தவமணி சம்மதிக்கவில்லை. ஆதரவு கேட்டு வீடுவீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோவொரு நல்ல காரியம் காத்துக் கிடந்தது.

வருடாந்தப் பொதுக்கூட்டம் வைக்காவிட்டால் கொம்யூன் மண்டபத்தைத் திருப்பி எடுத்துவிடும் என்பதால், அதைமட்டும் ஆளுநரால் தடுக்க முடியவில்லை. யூலை நடுவில் கூடிய அதில் தவமணியின் திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது: அவசரநிலை உடன் நீங்குகிறது, இனிப் பொதுச்சபை கையுயர்த்தினாலொழிய அதைப் பிரகடனம் செய்யலாகாது, செய்தாலும் ஒரு மாதத்துக்குமேல் செல்லாது. கோப்பியும் வடையும் வந்தன.

அடுத்த அலுவல் மண்டப ஒதுக்கீடு. ஓகஸ்டின் முதல் சனிக்கிழமையை எல்லாரும் கேட்டார்கள். ஞானரட்ணம், எப்போதோ பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்குக்குக் கேட்டார். பிள்ளை அதற்குள் கார் ஓட்டப் பழகத் தொடங்கியிருந்தது. சத்தம் ஏறியது. கதிரைகள் விழுந்தன. வடையொன்று பறந்ததாகவும் கதை.

ஆளுநரின் தாயை வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பது தவமணிதான். அந்தத் துணிவில் எழுந்தாள்.

“அண்ணை, இந்த ஒரு சனிக்கிழமையை நீங்களே தீர்க்க அவசரநிலை போடுங்கோ. ஒரு மாதந்தானே.”

மண்டபம் அடங்கியது. ஞானரட்ணம் ஆளுநருக்குச் சொந்தம். மற்றவர்களிடமும் அவரவருக்கென்று ஒரு நம்பிக்கை இருந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

சபையின் தீர்ப்புக்குத் தலைவணங்குவதாகக் கூறி, ஆளுநர் அந்தக் கணமே அவசரநிலையைப் பிரகடனம் செய்தார். பிறகு, அவசரநிலையில் கலியாணமோ சடங்கோ நடத்த முடியாதென்பதை மிகுந்த மனவருத்தத்தோடு நினைவூட்டினார்.