ஏழு ஃபேன்களும் என் டூல் பெட்டியும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரும் நலமா என்பதை உங்கள் அக்காள் தினமும் முக்கால் மணி நேரம் போனில் விசாரித்து, எனக்கு இரண்டே சொல்லில் சொல்லிவிடுகிறாள். ஆகவே அதைக் கேட்டு இங்கே இடத்தை அடைக்கவில்லை. உங்கள் வீட்டம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டர் ஓடுகிறது. இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளவும். போன மாதம் போனில் நீங்கள், "அத்தான், இது உங்களுக்குத் தோதுப்படாது, ரெடிமேடா ஒண்ணு நானே அனுப்பிடுறேன்" என்றீர்கள். நானே பார்த்துப் பார்த்து வாங்கி, நானே பூட்டுவேன், அது ஓடாவிட்டால் முப்பத்து நாலு வருஷம் குளிர்பதனக் கிடங்குகளில் என்னோடு உழைத்த டூல் பெட்டியை உங்களுக்கே அனுப்பிவிட்டு, இனி இந்த வீட்டில் ஒரு சுவிட்சு மூடியைக்கூடக் கழற்ற மாட்டேன் என்றேன். பெட்டி அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆபீசில் இருநூறு கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குகிறேன். என் மகள், இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு நடப்பது போலப் படம் செய்கிறவள். கம்பெனியை விட்டு வந்து தன் பேரில் பிடித்த முதல் வேலை ஒரு நூலகக் கட்டடம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். அவளுடைய பழைய கம்ப்யூட்டரோ நூலகத்தின் வாசல்படியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். "இது போச்சுன்னா அடுத்த வேலையை யாரும் தர மாட்டாங்கப்பா" என்றாள். பெற்றவன் அதைக் கேட்டுக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்க முடியுமா?

கடைக்கு மூன்று தடவை போனேன். மற்றவர்கள் போய் வேகம் எவ்வளவு என்று கேட்பார்கள், நான் சூடு எவ்வளவு என்று கேட்டேன். கடைக்காரர் அசந்துபோய் நாற்காலியை எடுத்துப் போட்டார். உருளைக்கிழங்கு மூட்டை ஆனாலும் பிராசசர் ஆனாலும் சூட்டை எடுப்பதுதானே குளிர்பதனக்காரன் தொழில், கிடங்கு கிடங்காகக் குளிரவைத்தவனுக்குத் தீப்பெட்டி அளவு சாமான் ஒரு பொருட்டா, என்று ஆரம்பித்து மதர்போர்டு, மெமரி, கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் பேசினேன். ஆச்சரியத்தைக் கேளுங்கள். நான் பேசி முடிப்பதற்குள், எனக்குத் தேவையான சாமானை அவரே எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். கேள்வி தெளிவாக இருந்தால் பதில் தானாக வரும் என்று என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வதுண்டு. கூலர், ஃபேன் விஷயத்தில் மட்டும் அவர் ஒன்றும் எடுத்து வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிராசசரைக் குளிரவைக்கத் தண்ணீர்க் கூலர் வேண்டுமா என்று கேட்டதற்கு, தண்ணீரும் கரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணக் கூடாது என்று சொல்லி, செங்கல் பருமனுக்கு ஒரு காற்றுக் கூலரை எடுத்தேன். ஃபேன் மூன்று போதும் என்றார். நான் ஏழு கேட்டேன். கலர் விளக்கு இல்லாமல் ஏழு கிடைக்கவில்லை. அதனால் எங்கள் முன்னறை இப்போது துணிக்கடை வாசல் மாதிரி மின்னுகிறது.

வியாழக்கிழமை காலை பூட்ட ஆரம்பித்தேன். ஒரு திருகாணி மதர்போர்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கம்ப்யூட்டர்க் கேபினெட்டைத் தலைகீழாகப் பிடித்து நானும் மகளும் குலுக்கியதில், அதோடு என் மூக்குக்கண்ணாடியும் விழுந்தது. முன்பக்கம் மூன்று, மேலே மூன்று, பின்னால் ஒன்று என்று ஏழு ஃபேனையும் உள்நோக்கி வைத்தேன். குளிர்ந்த காற்று உள்ளே போக வேண்டும், போனது வெளியே கசியக் கூடாது. கிடங்கில் நான் கண்ட பாடம் அது. கசிவு என்றால் எனக்கு ஆகாது. ஆகவே பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பரை அறுத்து, மிச்சமிருந்த ஓட்டை, இடுக்கு, வலை எல்லாவற்றையும் எறும்பு புகாதபடி அடைத்தேன். சுவிட்சைப் போட்டதும் ஏழு ஃபேனும் சுழன்றன. மகள் கைதட்டினாள். ஒன்பது நிமிஷம் ஓடியது. தொண்ணூற்றொன்பது டிகிரி காட்டிவிட்டு அணைந்தது.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் சரியில்லை என்றேன். துடைத்து மறுபடி தடவினேன், பதினோரு நிமிஷம். ரப்பரை இன்னும் இறுக்கினேன், ஏழு நிமிஷம். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். டூல் பெட்டி போவது பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை, பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்பதுதான் கவலை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உங்கள் அக்காள் ஈரக்கையோடு வந்து, கேபினெட்டைச் சுற்றி ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தாள். "எல்லாப் பக்கமும் உள்ள இழுக்குது. போன காத்து எந்த வழியா வெளிய வரும்?" என்றாள். குளிர் கசியக் கூடாது என்ற தத்துவத்தை நான் முதலிலிருந்து விளக்கினேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "உங்க கிடங்குக்குள்ள குளிர் மிஷின் இருந்துச்சு. இதுக்குள்ள அடுப்புல்ல இருக்கு" என்றாள்.

இதை அவள் கண்டுபிடித்தாள் என்று நாளைக்கு யாராவது சொல்லலாம். முப்பது வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் அவளுக்குக் காற்றோட்டம் பற்றிப் பாடம் எடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரப்பரைப் பிய்த்தெறிந்து, மேலே இருந்த மூன்றையும் பின்னால் இருந்த ஒன்றையும் வெளிநோக்கித் திருப்பினோம். எட்டரைக்கு ஆரம்பித்த படம் மூன்றே முக்காலுக்கு முடிந்து, ஐந்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. சூடு அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. படத்தில் நூலகத்தின் மாடிப்படி வழியாக ஏறிப் போனால், ஜன்னல் வெயில் புத்தக அடுக்குமேல் விழுகிறது. கடைசியில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாமல் அவள் பெயர் மட்டும் வருகிறது. மச்சான், எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. கண்ணைத் துடைத்தால் கேலி செய்வார்கள் என்று ஃபேனைத் துடைத்தேன்.

ஆக, யார் தயவும் இல்லாமல், ஒரு சாமானுக்குக்கூட யாரிடமும் யோசனை கேட்காமல் இந்தக் காரியம் முடிந்தது. பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உங்கள் இருநூறு கம்ப்யூட்டர்களுக்கும் என் அனுதாபம்.

இப்படிக்கு,
டூல் பெட்டி கைவிட்டுப் போகாத
உங்கள் அத்தான்

பி.கு.: கவர் தேடி உங்கள் அக்காளின் இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒரு பட்டியல். பிராசசரிலிருந்து பவர் சப்ளை வரைக்கும் நான் தேர்ந்தெடுத்த அத்தனை சாமானும் வரிசையாக, உங்கள் கோழிக் கிறுக்கலில். தேதி, நான் முதல் தடவை கடைக்குப் போனதற்கு நாலு நாள் முந்தையது. விசாரித்ததில், கடைக்காரரிடமும் ஒரு நகல் இருக்கிறதாம். அடியில் எழுதியிருந்தீர்கள்: "சாமானெல்லாம் அத்தானே தேர்ந்தெடுத்ததா இருக்கட்டும் அக்கா. குளிரவைக்கிற விஷயத்துல மட்டும் யாரும் தலையிட வேண்டாம், அது அவர் தொழில்." அந்த வரியை நாலு தடவை படித்தேன். இந்த முறை மீசையில் நன்றாகவே மண் ஒட்டியிருக்கிறது. நானே பார்த்து வாங்குவேன் என்ற சவால் போச்சு, டூல் பெட்டி நாளைய பார்சலில் வருகிறது, பெரிய ஸ்க்ரூடிரைவரின் முனை கொஞ்சம் மழுங்கல், பார்த்துப் பயன்படுத்தவும். ஆனால் ஒன்று. ஏழு ஃபேனையும் உள்நோக்கி வைத்தது முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. அதில் மட்டும் நீங்கள் பங்கு கேட்கக் கூடாது.