மூன்று குழாயும் ஒரு கட்டையும்

செம்பூர்,
ஞாயிறு காலை

அன்புத் தம்பி மகேஷ்குமாருக்கு, சின்ன அண்ணன் சங்கரநாராயணன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் உன் மதினி பானுமதியும் மூட்டுவலி நீங்கலாக இங்கே சுகம். அங்கே ஜெயிலில் உன் சுகத்தையும், உன்னோடு அதே அறையில் அடைபட்டிருப்பவர்களின் சுகத்தையும் அறிய ஆவல். நேற்று உன்னைப் பார்த்துவிட்டு வந்த உன் மனைவி ஜெபசெல்வி, மல்லாந்து படுக்க இடமில்லை, எல்லாரும் ஒருக்களித்துத்தான் படுக்கிறார்கள் என்று அழுதாள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒருக்களித்தால்தானே தூக்கம் வரும் என்று சொல்லி அவளைத் தேற்றினேன். சுகர் மாத்திரை உள்ளே வந்து சேர்வதில்லை என்றும் சொன்னாள். சோற்றைக் குறைத்துக்கொள். இந்தக் கடிதத்தை வக்கீல் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

நீ இன்னும் வெளியே வராததற்கு நானும் நம் மூத்த அண்ணாச்சியும்தான் காரணம் என்று ஜெபசெல்வி உங்கள் ஆண்டாப் ஹில் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். அது உன் காதிலும் விழுந்திருக்கும். பெண்பிள்ளைக்கு விவகாரம் புரியவில்லை. அதனால் நடந்ததை நானே முதலிலிருந்து வரிசையாக எழுதிவிடுகிறேன், நீயே நியாயம் சொல். மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்துக் குக்கர் காஸ்கெட்டும் இட்லித் தட்டும் விற்ற நம் அப்பாவுக்குத் துப்பாக்கி ஆசை எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. ரைபிள் கிளப்பில் காகிதத்தைச் சுட்டுச் சுட்டுப் பதக்கம் வாங்கினார், வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று வரவழைக்க அனுமதியும் வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்தாரா? ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மறுபடி மடக்குவதெல்லாம் பழைய முறை, நேராக இழுத்து நேராகத் தள்ளுகிற வேட்டைத் துப்பாக்கிதான் வேண்டும், கல்லாப்பெட்டியை இழுத்து மூடுகிற மாதிரி இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதில் எவன் செய்தது உசத்தி என்று வருஷக்கணக்கில் ஆராய்ச்சி. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கரண்டியையும் பூரிக்கட்டையையும் வைத்துக்கொண்டு நமக்குப் பாடம் எடுப்பார். ஒருவன் செய்ததில் குறிபார்க்கும் கண்ணாடி துப்பாக்கிக் குழாயின் மேலேயே உட்காரும், குழாயைக் கழற்றி மாட்டினாலும் குறி தப்பாது. இன்னொருவன் செய்ததில் கண்ணாடி உடம்பின் மேல் உட்காரும், குழாயை மாற்றினால் மறுபடி குறி பார்க்கவேண்டும். மூன்றாமவன் செய்ததில் குழாயைக் கழற்றச் சாவியே வேண்டாம், கையாலேயே கழற்றலாம், ஆனால் அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை, சாவி இல்லாத பூட்டை எவன் நம்புவான் என்பார். கடைசியில் முதலாவது ஜெயித்தது. அதற்கு மூன்று குழாய் வரவழைத்தார். மெல்லியது சின்ன மிருகத்துக்கு, நடுத்தரம் மானுக்கு, தடித்தது காட்டெருமைக்கு. இந்த நாட்டில் வேட்டைக்குத் தடை, மாட்டுங்காவில் காட்டெருமையும் கிடையாது. ஆனாலும் "ஒரே ஒடம்பு, மூணு கொழாய். ஒண்ணு வாங்கினா மூணு வாங்கின மாதிரில்லா" என்று அப்பா சொன்னபோது என்ன ஒரு வியாபார மூளை என்று நாம் பெருமைப்பட்டோம்.

அப்பா போய்ப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தி இலையை எடுப்பதற்குள் அண்ணாச்சி பாகப்பிரிவினையை ஆரம்பித்தது உனக்கு நினைவிருக்கும். நகையும் வீடும் கடையும் சண்டையில்லாமல் பிரிந்தன, துப்பாக்கியில் வந்து மாட்டிக்கொண்டோம். முழுசாக விற்றுவிடலாம் என்றாய் நீ. "அப்பா ஞாபகத்த வித்துத் திங்கச் சொல்லுதியால?" என்று அண்ணாச்சி சீறினார். மூன்று ஆண்பிள்ளைகள், மூன்று குழாய், அப்பா யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார் என்று வழி சொன்னவன் நான். அன்றைக்கு எல்லாரும் என்னை மெச்சினீர்கள், அதை இப்போது மறைக்கக்கூடாது. சாமி படத்துக்கு முன்னால் சீட்டுக் குலுக்கினோம். தடித்தது அண்ணாச்சிக்கு, மெல்லியது எனக்கு, நடுத்தரம் உனக்கு. பெண்ணுக்கும் சம பங்கு என்று சட்டம் இருக்கிறதே, அதனால் மிச்சமிருந்த உடம்பை, அந்தக் கட்டையை, என் தங்கச்சி, உன் அக்கா செண்பகவல்லியிடம் கொடுத்தோம். புருஷன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்து, அப்பாவைப் படுக்கையில் வைத்துக் கடைசிவரை பார்த்தவள். கட்டையை மடியில் வாங்கி வைத்து முந்தானையால் துடைத்தாள். திருப்தியாக இருக்கிறாள் என்று நினைத்தோம்.

பிறகு அண்ணாச்சியும் நானும் மதிப்புக் கேட்க, கோட்டைப் பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிற காலித் பாயிடம் போனோம். மொபைலில் போட்டோவைக் காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சேட், நளி தோ நளி ஹை. அசலி மால் பாடி மே ஹை" என்றார். அதாவது நாம் கட்டை என்று தள்ளிவிட்டதற்குள்தான் விசை, பூட்டு, இழுப்பு எல்லாம் இருக்கிறதாம், குழாய் வெறும் குழாய்தானாம். அதிலும் அண்ணாச்சியின் தடித்த குழாய்க்கு வேறு பூட்டுத்தலை, அதாவது தோட்டாவின் அடியைப் பிடிக்கிற முனை, மாட்டவேண்டுமாம், அது எங்கே என்றார். அப்பா அலமாரியை ஒழித்தபோது பழைய இரும்போடு போட்டுவிட்டதை மறைத்து, அண்ணாச்சி மொபைலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். லைசன்ஸ்காரர் இறந்துவிட்டால் எல்லாவற்றையும் உடனே போலீஸிலோ தன்னிடமோ ஒப்படைக்கவேண்டும், ஒற்றைக் குழாய் தனியாகக் கிடந்தாலும் சட்டத்துக்கு அது ஆயுதம்தான், இன்றைக்கே கொண்டுவாருங்கள் என்று மன்றாடாத குறையாகச் சொன்னார். படியிறங்கும்போது அண்ணாச்சி, "முழுங்கப் பாக்கான்ல. நம்மகிட்ட உள்ளத வாங்கி வச்சிட்டு வெறுங்கையோட அனுப்பிருவான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நல்லவன் சொல்வது வியாபாரி காதில் ஏறாது என்பதை நம் குடும்பத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

செண்பகவல்லிக்கு அதிகம் போய்விட்டது என்ற ஒன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. மறுபடி பிரிப்போம், அவரவர் பாகத்தை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா வாருங்கள் என்று போன் செய்தேன். நான் சயான் வரை ஆட்டோ, அதற்கு மேல் ஆட்டோவை விடமாட்டான் என்பதால் டாக்ஸி. சௌகரியமாக வந்து சேர்ந்தேன். நீ செலவுக்குப் பயந்து குழாயைத் துணியில் சுற்றி ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாய். வழியில் நாக்காபந்தி, வண்டி வண்டியாக நிறுத்திப் போலீஸ் சோதனை. "க்யா ஹை யே?" என்று கேட்ட போலீஸ்காரரிடம் "பர்தே கா ராட்" என்றாயாம். திரைச்சீலைக் கம்பிக்குள் எதற்கடா சுருள் சுருளாக வரி வெட்டியிருக்கிறது என்று அவர் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். எங்கே வாங்கினாய் என்றதற்குத் தாராவியில் பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கினேன் என்றாய், அவர்கள் கடை கடையாகப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். பாவம், எத்தனை பேர் பிழைப்பு. ஆனால் எவ்வளவு குடைந்தும் எங்கள் இரண்டு பேர் பெயரையும் நீ சொல்லவில்லை என்று கேட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பானுமதியிடம் சொன்னேன். தொடர்ந்து அப்படியே இரு.

ஜாமீன் ஏன் கிடைக்கவில்லை என்று நீ கேட்பது நியாயம். துப்பாக்கியைத் துண்டுதுண்டாகக் கழற்றிப் பல இடத்தில் ஒளித்துவைப்பது கடத்தல்காரர்கள் வேலை என்று அரசு வக்கீல் கோர்ட்டில் சொல்லிவிட்டார். நாம் சம பாகம் என்பதை அவர் கும்பல் என்கிறார். மிச்சத் துண்டுகள் வெளியே எவனிடமோ இருக்கும்வரை உன்னை விடக்கூடாதாம். நம் வக்கீல் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மூன்று குழாய், கட்டை, அப்பாவின் லைசன்ஸ் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கொண்டுபோய் வைத்து, இது செத்துப்போனவர் சொத்து, அறியாமல் பிரித்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டால் உன் வழக்கு உப்புச்சப்பில்லாமல் போய்விடும், நீ வந்துவிடலாம். மற்ற இருவருக்கும் கொஞ்சம் சங்கடம் வரலாம் என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அவர் தண்ணீர் குடித்தார். லைசன்ஸ் புத்தகம் அண்ணாச்சி கடைப்பெட்டியில் இருக்கிறது. என் குழாய் இங்கே லாஃப்டில், கொசுவலைக்குள், எண்ணெய் போட்டுப் பத்திரமாக இருக்கிறது. கொடுக்கமாட்டேன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அண்ணாச்சி முதலில் கொடுக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். மூத்தவர் இல்லையா? அவர் என்னடாவென்றால், தடித்த குழாய்தான் விலை கூடியது என்று நான் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் கையை விட்டுக் கொடுப்பாராம். பூட்டுத்தலை இல்லாத குழாய்க்கு இவ்வளவு வாய்.

போன வியாழக்கிழமை செண்பகவல்லி இங்கே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, கொழாய எடுங்க. நான் கட்டையக் கொண்டு வாரேன். சேத்துக் குடுத்துருவோம். தம்பி சுகர்காரன்ண்ணே" என்றாள்.

"நான் மாட்டேன்னா சொல்லுதேன்? அண்ணாச்சி குடுத்த மறுநிமிசம் குடுக்கேன்" என்றேன்.

"அண்ணாச்சிகிட்ட கேட்டா, நீங்க மொதல்ல குடுத்தா குடுக்கேங்காவ."

"பாத்தியா, ரெண்டு பேரும் ஒண்ணுபோலதான் சொல்லுதோம். எங்களுக்குள்ள சண்டையே கெடையாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. "அவன் உள்ளயே கெடந்து செத்துப்போனாம்னு வைங்க. அவன் கொழாய ரெண்டா அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கிடுவியளோ?" என்று கேட்டாள். அறுத்தால் மதிப்புப் போய்விடும் என்றேன். வாயில் வந்தது அதுதான். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். பானுமதி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எனக்கும் அன்றையிலிருந்து சரியாகத் தூக்கமில்லை, கண்ணை மூடினால் லாஃப்ட் இடிந்து தலையில் விழுகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. உன்னிடம் சொல்வதற்கென்ன, இந்த வயதில் என்னால் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

ஆகவே நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். அண்ணாச்சி மனசு இளகும், தீபாவளி வருகிறது, எல்லாம் கூடிவரும். மறுபாகப்பிரிவினைக்கு உனக்குச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வக்கீலிடம் கொடுத்தனுப்பு, அவசரமில்லை, அங்கே உனக்கு நேரம் நிறைய இருக்கும். ஜெபசெல்வியைக் கொஞ்சம் வாயை அடக்கச் சொல். குலசாமி உன்னைக் கைவிடாது, அண்ணன்மார் நாங்களும் கைவிடமாட்டோம். தைரியமாக இரு, வேளைக்குச் சாப்பிடு, கெட்ட சகவாசம் வைத்துக்கொள்ளாதே. உடம்பும் மனசும் குறைவில்லாமல் நீ பல்லாண்டு இருக்கவேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணன்,
சங்கரநாராயணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. கவரை ஒட்டப்போகும்போது போலீஸ் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள், பானுமதி டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள், நான் பேண்ட் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே வந்து இதை எழுதுகிறேன். இன்று காலையில் செண்பகவல்லி கட்டையைச் சேலையில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் மேஜையில் வைத்து, யார் யார் வீட்டில் எது எது எங்கே இருக்கிறது என்று லாஃப்ட் வரைக்கும் சொல்லிவிட்டாளாம். "எனக்குப் பங்கு வேண்டாம், தம்பி போதும்" என்றாளாம். அண்ணாச்சியைக் கடையிலிருந்து ஏற்கெனவே அழைத்துப் போய்விட்டார்கள். தடித்ததும் லைசன்ஸ் புத்தகமும் மேஜைக்குப் போய்விட்டன, மெல்லியதை லாஃப்டிலிருந்து இறக்கி ஹாலில் வைத்திருக்கிறார்கள், இனி எல்லாம் ஒரே மேஜைதான். நீ சீக்கிரம் வெளியே வந்துவிடுவாய் என்று வக்கீல் போனில் சொன்னார். எங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றும் சொன்னார். நீதான் வரவேண்டும் தம்பி, கேட்க எனக்கு வாயில்லை, கேட்கிறேன். நீ எத்தனை நாள் உள்ளே கிடந்தாயோ அத்தனை நாள் எங்களையும் கிடக்கவிட்டால் ஒருவரும் உன்னைக் குறை சொல்லமுடியாது, சம பாகம் என்று பார்த்தால் அதுதான் நியாயம். தயவுசெய்து நியாயம் பார்க்காதே.