ஏழாம் எடுத்துக்காட்டை நீக்கக் கோரி

ட்ரம்காரா,
லீட்ரிம் மாவட்டம்.
நவம்பர் 19, புதன்கிழமை.

டப்ளின் மாநகரில் சட்ட நூல்களைப் பதிப்பித்துவரும் பெருமதிப்பிற்குரிய க்ரோனியா டெவனி அம்மையாருக்கு, ட்ரம்காரா வழக்கறிஞர் ஃபெலிம் கெராட்டி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் நான் நலமில்லை. என் மனைவி அசம்ப்டாவும் நலமில்லை. எங்கள் சமையலறை அடுப்பருகே ஒன்பது நாளாகத் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் என் தாய்மாமா பார்ட்லி, வயது எண்பத்தாறு, அவர் துளியும் நலமில்லை. நலமாக இருப்பது நீங்கள் அச்சடித்த என் புத்தகம் ஒன்றுதான். பச்சை அட்டை, ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு பக்கம், தலையில் விழுந்தால் ஆள் காலி.

என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று. ‘நிலமும் வாரிசும்: அயர்லாந்தின் சட்டமும் வரியும்’ என்னும் அந்நூலின் நானூறு படிகளையும் கடை, நூலகம், வக்கீல் வீடு, கணக்காளர் வீடு என்று பாராமல் உடனே திரும்பப் பெற்று, 612ஆம் பக்கத்திலுள்ள ஏழாம் எடுத்துக்காட்டைக் கிழித்தெறிந்துவிட வேண்டுகிறேன்.

இது எப்படி நேர்ந்தது என்றால், அம்மையார் அவர்களே, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள், ஆரம்பித்து வைத்தது நீங்கள்தான். நான்கு வருடம் கண் பூத்துப்போக எழுதி அனுப்பினேன். அ என்பவர் ஆ என்பவருக்கு நிலம் எழுதிவைக்கிறார், வரி எவ்வளவு என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். நீங்கள் ஓரத்தில் சிவப்பு மையில், “இந்த ஆட்களுக்கு ரத்தமே இல்லையே, வரி ஆலோசகரும் மனுஷர்தானே, தூங்கிவிட மாட்டாரா, கொஞ்சம் உயிர் கொடுங்கள்” என்று எழுதினீர்கள். உயிருக்கு நான் எங்கே போவேன்? முப்பத்தொரு வருடமாக உயிலும் கிரயப் பத்திரமும் எழுதுகிறவன். கற்பனை என்பது எங்கள் தொழிலில் தண்டனைக்குரியது. சரிதான் போ என்று, மார்ச் மாதம் என் ஆபீசுக்கு வந்து உயில் எழுதிவைத்துப் போன பார்ட்லி மாமாவையே தூக்கிப் போட்டுவிட்டேன். அப்படியே போடவில்லை, ரகசியம் காக்க வேண்டுமே! பார்ட்லியை பெர்னார்ட் ஆக்கினேன். அவருடைய பக்கத்து வீட்டு டிம்ப்னா அம்மாளை டோலரஸ் ஆக்கினேன். எழுபது ஏக்கரை எழுபத்தொன்று ஆக்கினேன். இதற்குமேல் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? நாயை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். பெர்னார்டுக்கு ஒற்றைக்காது நாய் ஒன்று உண்டு என்று ஒரு வரி. வரிச் சட்டத்தில் நாய் எதற்கு என்று கேட்காதீர்கள். உயிர் கேட்டது நீங்கள்.

எடுத்துக்காட்டின் சாரம் உங்களுக்கு நினைவிருக்கும். பெர்னார்ட் கல்யாணம் ஆகாத கிழவர். ஏரிக்கரையில் எழுபத்தொரு ஏக்கர். இருபத்திரண்டு வருடமாக மாடுகளைப் பார்த்துக்கொள்ளும், சகோதரி மகனான மருமகனுக்கு அதை எழுதாமல், பத்தொன்பது வருடமாக மதியம் ஒரு மணிக்கு மதில்மேல் சாப்பாட்டுத் தட்டு நீட்டும் பக்கத்து வீட்டு விதவை டோலரஸுக்கு எழுதிவைக்கிறார். உறவு இல்லாததால் வரிச் சட்டத்தின் பார்வையில் டோலரஸ் ‘அந்நியர்’. ஆகவே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரி. இதற்கு வழி என்ன? விடை, பக்கத்தைத் திருப்பினால் 613இல். அந்த மருமகன் யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். என் சொந்த அண்ணன் மலாக்கி.

நவம்பர் ஆறாம் தேதி ஊர் ஓட்டல் கூடத்தில் வெளியீட்டு விழா. வழக்கம்போல ஒரு நீதிபதியை அழைத்திருந்தேன். நீதிபதிக்காகவும் சட்டத்துக்காகவும் ட்ரம்காராவில் யாரும் வீட்டைவிட்டு இறங்கமாட்டார்கள். அன்று மழை பெய்தது, கால்பந்தாட்டம் எதுவும் இல்லை, ஹாம் சாண்ட்விச் இலவசம், அதனால் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மாமா, அவர் பக்கத்தில் டிம்ப்னா அம்மாள், பின்னால் மலாக்கி. நீதிபதி எழுந்து, “என் முப்பது வருஷ அனுபவத்துல சட்டப் புத்தகத்துக்குள்ள நாய் வந்து இப்பதான் பார்க்கிறேன்” என்று சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏழாம் எடுத்துக்காட்டை ராகம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். நான் இருமினேன். தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். அவர் நனைந்த கையோடு படித்தார். ஒற்றைக்காது என்று வந்ததும் தபால் ஆபீஸ் அம்மா பின்னாலிருந்து, “அட, அது நம்ம பார்ட்லி நாயில்ல!” என்று கத்திவிட்டார்.

அப்புறம் என்ன, கூடம் சந்தைக்கடைதான். மலாக்கி நாற்காலிமேல் ஏறிவிட்டான். வயலில் உழைக்கும் மருமகனுக்குச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு, ‘செல்ல மருமகன் சலுகை’ என்றே எங்கள் தொழிலில் அதற்குப் பெயர், ஒன்பதாம் அத்தியாயத்தில் நானே விளக்கியிருக்கிறேன். “டேய் ஃபெலிம்! நான்தான்டா செல்ல மருமகன்! வாரத்துக்கு இருபத்துநாலு மணி நேரம் வேலை செஞ்சா போதும்னு நீதானடா எழுதியிருக்கே? கிறிஸ்துமஸ் அன்னிக்கும் சாணி அள்ளினவன்டா நான்!” என்று அலறினான். மாமாவோ உயில் அம்பலமானதைப் பற்றிக் கவலைப்படாமல், “மூணுல ஒரு பங்கா? மூணுல ஒரு பங்கு வரியா? பகல் கொள்ளையால்ல இருக்கு!” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிம்ப்னா அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு எழுந்து, “அந்நியமா? பத்தொன்பது வருஷமா உப்பு போதுமா, உருளைக்கிழங்கு வெந்துதான்னு கேட்டுக் கேட்டுப் போட்ட கை இது. நான் அந்நியமா?” என்றார். மாமா பக்கம் திரும்பினார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நிலத்தை எழுதிவெச்சு, அதை ஒரு நீதிபதி வாயால கேக்கவெச்சீங்களே. நாளையிலேர்ந்து இந்தப் பச்சைப் புத்தகம் உங்களுக்குச் சமைச்சுப் போடும், சாப்பிடுங்க.” போய்விட்டார். நீதிபதி புத்தகத்தை மூடிவிட்டு சாண்ட்விச் எடுத்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பி விடையைப் படிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு மாமா மதிலண்டை நின்றிருக்கிறார். தட்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் நின்றிருக்கிறார். நான்கு நாள் வெறும் ரொட்டியும் டீயுமாக ஓட்டியவரை, கார் அனுப்பி எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அசம்ப்டா பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்தாள், ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள், ஆப்பிள் கேக் செய்தாள். மனுஷர் கரண்டியால் கிளறிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். கோட்டு தோளில் தொங்குகிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு நோயும் இல்லை, இப்படியே பட்டினி கிடந்தால் குளிர்காலம் தாண்டாது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மணி ஆனால் எழுந்து ஜன்னல் பக்கம் போகிறார். எங்கள் ஜன்னலுக்கு வெளியே பெட்ரோல் பங்க்தான் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று டிம்ப்னா அம்மாள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்காமலே, “யாரது?” என்றார். நான்தான் ஃபெலிம் என்றேன். “அந்நியருங்க வீட்டுக்கு வக்கீலய்யா எதுக்கு வரணும்? மழைல நனையாமப் போங்க” என்றார். மலாக்கி மாடுகளுக்குத் தீனி போடுகிறான், அதில் குறைவைக்கவில்லை. ஆனால் ஒரு கட்சிக்காரரின் ரகசியத்தை அச்சடித்து விற்றவன் என்று என்னைத் தொழிலிலிருந்தே நீக்கச்சொல்லி மேலிடத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறான். அவன் எழுதியது அத்தனையும் நிஜம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். முன்னுரையில், எல்லா நூலாசிரியர்களையும் போல நானும் ‘பிழைகள் அனைத்தும் என்னுடையவையே’ என்று எழுதியிருந்தேன். ஒரு மரியாதைக்கு எழுதுவதுதானே அது! இப்படிப் பலிக்கும் என்று யார் கண்டது? “நாலு வருஷம் ராப்பகலா எழுதி ஒரு கிழவரோட ஒரு வேளைச் சோத்துல மண்ணள்ளிப் போட்டீங்க” என்கிறாள் அசம்ப்டா.

அம்மையார் அவர்களே, எனக்கு அந்த மனுஷரைத் தவிர வேறு மாமா கிடையாது. அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான், இரண்டு கன்றுக்குட்டியை விற்று. அவர் என் சமையலறையில் இப்படி வற்றிப்போவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆகவே நானூறு படிகளையும் திரும்பப் பெறுங்கள். ‘அந்நியர்’ என்று எழுதியதற்கு வருந்துகிறோம் என்று ஒரு தாள் அச்சடித்து, டிம்ப்னா அம்மாள் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இனி நான் எழுதினால் அ, ஆ, இ தவிர ஆள் கிடையாது.

தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் நோய்நொடியின்றி, உயில் எழுதும் அவசியம் வராமல் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள,
ஃபெலிம் கெராட்டி

பி.கு.: வியாழன். கடிதத்தை உறையில் போடுவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. தயவுசெய்து ஒரு படியையும் திரும்பப் பெற வேண்டாம். இன்று சரியாக ஒரு மணிக்குப் பின்வாசல் வழியாக டிம்ப்னா அம்மாள் உள்ளே வந்தார். ஒரு கையில் துணி மூடிய தட்டு, இன்னொரு கக்கத்தில் நூலகத்திலிருந்து எடுத்த என் புத்தகம். இரண்டையும் மேஜைமேல் வைத்தார். “இதுல 613ஆம் பக்கம் படிச்சீங்களா?” என்று மாமாவைக் கேட்டார். “நூத்தித் தொண்ணூத்தஞ்சு யூரோ புத்தகம், நான் எதுக்குப் படிக்கணும்?” என்றார் மாமா. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்: “விடை. பெர்னார்ட், டோலரஸை மணந்துகொண்டால் அவர் அந்நியர் அல்லர். வரி ஏதுமில்லை.”

மாமா தொப்பியைக் கழற்றினார். “சட்டம் அப்படியா சொல்லுது, ஃபெலிம்?” ஆமாம் மாமா என்றேன். “மார்ச் மாசமே ஏன்டா சொல்லல?” நீங்க கேக்கலையே மாமா என்றேன். முறைத்துவிட்டு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, “டிம்ப்னா, வரிக்காகக் கேக்கறேன்னு நெனச்சுக்காதே” என்றார். “வரிக்காகவே கேளுங்க, எனக்கென்ன. சாப்பாடு ஆறுது” என்றார் அந்த அம்மாள்.

நான் பதிவாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். சேதி அதற்குள் எப்படித்தான் போனதோ, வாசலில் மலாக்கியின் மனைவி வந்து நின்றாள், நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தால் என்ன சலுகை என்று அவள் வீட்டுக்காரர் கேட்கச் சொன்னாராம். பதினொன்றாம் அத்தியாயத்தைத் திறந்து கொடுத்தேன். மாடெல்லாம் எனக்கு எதுக்கு, மலாக்கியே மேய்க்கட்டும் என்று டிம்ப்னா அம்மாளும் சொல்லிவிட்டார். கல்யாணமானால் பழைய உயில் செல்லாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. 88ஆம் பக்கத்தில் நானே எழுதியதை 613இல் கோட்டைவிட்டிருக்கிறேன். புது உயில் எழுத வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாத முன்னறிவிப்பு கட்டாயமாம், பதிவாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

“மூணு மாசமா?” என்றார் மாமா. “அப்படின்னா அதுவரைக்கும் உயிரோட இருந்தாகணுமே” என்று தட்டை இழுத்துக்கொண்டார். வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்றார். டிம்ப்னா அம்மாள் திட்ட வாயெடுத்தவர், அழுதுவிட்டார்.