மாடித் தொட்டியில் போன பல்செட்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், மகள், மருமகன் எல்லோரும் சுகம். என் பல்செட்டு மட்டும் எங்கே, எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் சமையலறைக் கழிவுக்கென்று தனியாக ஒரு பச்சை வாளி. அதில் விழுவதெல்லாம் மொட்டைமாடித் தொட்டிகளுக்குப் போய், மண்புழு தின்று உரமாகி, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து வெண்டைக்காயாகவும் கீரையாகவும் அதே லிஃப்டில் திரும்பி வரும். இதைக் கவனிக்கிற அம்மாளை எல்லோரும் உரக்காரம்மா என்போம். போன திங்கட்கிழமை சாப்பிட்டுவிட்டு, ஈறு வலிக்கிறதே என்று பல்லைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றித் தட்டோரம் வைத்ததாகத்தான் எனக்கு நினைவு. தூங்கி எழுந்தால் தட்டு கழுவியிருக்கிறது, வாளி காலி, வாயும் காலி. வீட்டில் தேடலாம் என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் நான் மொட்டைமாடியில் நின்றேன்.

உரக்காரம்மாவுக்கு அன்று அவள் கவலையே பெரிது. நாற்றமடிக்கிறது, ஈ மொய்க்கிறது என்று எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் புகார் கிளப்பி, தொட்டிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் குப்பை லாரியில் ஏற்றிவிட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் போட இருந்தார். அந்த மனுஷன் மாடிப்படி ஏறிப் பார்த்ததே இல்லை. தொட்டி போனால் அவள் வேலையும் போச்சு. இருந்தும் என் பொக்கை வாயைப் பார்த்ததும் சல்லடையை எடுத்துவிட்டாள்.

"இங்க எதுவும் காணாமப் போகாதுங்க ஐயா. மக்காதது சல்லடையில வந்து நிக்கும்" என்றாள்.

ஒரு பக்கம் அவள், மறு பக்கம் நான். துணி உலர்த்த வந்த டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கை கொடுத்தார். மறுநாள் நாலு வீட்டார் வந்தார்கள், யாரோ பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார்கள். பாட்டரி வந்தது, சீப்பு வந்தது, பொம்மையின் கை வந்தது, பல் வரவில்லை. எனக்கோ நம் பழைய வீட்டிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. எட்டுக் குடித்தனம், ஒரே குழாய், குழாயடியில் கழுநீர்ப் பானை. காய்த்தோலும் கஞ்சியும் மிஞ்சின சோறும் அதில் விழும். எருமைக்காரம்மா காலையில் தூக்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் அதையே பாலாக அளப்பாள். பால் தண்ணியாக இருக்கிறதே என்று அம்மா கேட்டால், நீங்கள் ஊற்றின கழுநீர் அப்படி என்பாள். அந்தப் பானைக்குள் ஒருநாள் உன் தோடு விழுந்தது, பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூடச் சேர்ந்து துழாவினார்கள். தோடு கிடைத்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. பானைமேல் முட்டிக்கொண்ட தலைகள்தான் ஞாபகமிருக்கின்றன. உன் அண்ணி போன பிறகு இந்தக் கட்டடத்தில் நான் அதிகம் பேசியது லிஃப்டோடுதான்.

வெள்ளிக்கிழமை செயலாளரே சண்டைக்கு மேலே வந்தார். அந்த நேரம் பார்த்துச் சல்லடையில் ஒரு வெள்ளி ஸ்பூன் வந்து நின்றது. அவர் வீட்டு ஸ்பூன். அது காணோம் என்று வாட்ச்மேனைப் பாடாய்ப் படுத்தியவர். குனிந்து எடுத்தவர் உரத்தையும் முகர்ந்து பார்த்தார்.

"நாத்தமே இல்லையே" என்றார்.

உரக்காரம்மா சல்லடையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது, அந்தத் தீர்மானத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. செயலாளர் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டாராம், பாதி மனதோடு.

மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், நன்றாக மெல்லட்டும்.

இப்படிக்கு,
பல்லில்லாத உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மகள் வந்து பல்செட்டை மேஜைமேல் வைத்தாள். செவ்வாய்க்கிழமை துவைக்கப் போட்ட தலையணை உறைக்குள் இருந்ததாம். ஏன் தரவில்லை என்று கோபமாகக் கேட்டேன்.

"குடுக்கத்தான்ப்பா மாடிக்கு வந்தேன். நீங்க எல்லார்கூடவும் பொக்கை வாயைத் திறந்து சிரிச்சுட்டு நின்னீங்க. அம்மா போனப்புறம் நீங்க சிரிச்சு நான் பாக்கல. அப்படியே இறங்கிட்டேன்" என்றாள்.

மூன்றாவது தொட்டி இன்னும் சலிக்காமல் கிடக்கிறது. அது முடியட்டும்ப்பா என்று சொல்லி, பல்செட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.