ஐந்து மணி நேயர்

ஒருமுறை பேசி முடித்த நேயரை மறுபடியும் கூப்பிடக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். மார்க்கு அதே நேயரை அன்றைக்கும் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசிவிட்டு, அந்தப் பேச்சை எந்த வீட்டின் பேரில் எழுதுவது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் முன்னால் திருதிருவென விழித்துக்கொண்டிருந்தான்.

மார்க்கு என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. டிவி நிகழ்ச்சிகளைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாக ஃபோன் போட்டுக் கேட்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. "ஒன்றிலிருந்து ஐந்து வரை எத்தனை மார்க் கொடுப்பீர்கள்?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் கேண்டீனில் யாரோ "டீ எப்படி?" என்றதற்கு "மூணு" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஊரில் யாருக்கு எது பிடிக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் அக்கா கேட்பாள். ஆனால் அவள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "வேலைக்குப் போற பொண்ணா பார்க்கட்டுமா, வீட்டோட இருக்கற பொண்ணா பார்க்கட்டுமா?" கேள்வித்தாளில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு, அதில் இருப்பதுபோல "பொருந்தாது" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விடுவான். அக்கா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நேயர் கிடைத்தார்.

"சார், நீங்க எந்த மாதிரி நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பீங்க?"

"உண்மையைச் சொல்லணுமா, இல்ல உங்க தாள்ல இருக்கறதைச் சொல்லணுமா?"

"உண்மைதான் சார்."

"விண்வெளிக் கதை. அப்புறம், ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கற கதை."

மார்க்குவின் விரல் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் வீட்டில் கேட்டிருக்கிறான். இதை வாய்விட்டுச் சொன்ன மனிதர் இவர் ஒருவர்தான். அதுவும் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்வதுபோல அத்தனை சாவகாசமாகச் சொன்னார்.

"அதைப் பத்தி உங்க கருத்து சார்?"

"விண்வெளிக் கதையில, கப்பல் முழுக்க ஆயிரம் விளக்கு எரியுது. ஆனா ஒருத்தருக்கும் முதுகு சாயற மாதிரி ஒரு நாற்காலி கிடையாது. ஐநூறு வருஷம் தள்ளிப் போயும் கதவைத் திறந்தா புஸ்ஸுன்னு சத்தம். ஒரு சொட்டு எண்ணெய் போட அங்க ஆளே இல்லையா சார்?"

மார்க்கு சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாது என்பதும் கம்பெனியின் சட்டம்தான்.

"ரெண்டாவது சார்?"

"அதுதான் வயித்தெரிச்சல். ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசின அடுத்த நிமிஷம் ஒருத்தருக்கு இருமல் வந்துடும். இருமல் வந்தா ஆள் காலி. இல்லைன்னா மழையில நிக்க வச்சு, ரயில் ஏத்தி அனுப்பிடுவாங்க. ஏன் சார், ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்து, குழாய் ஒழுகுதுன்னு சண்டை போட்டு, யார் குப்பையைக் கொட்டறதுன்னு முறைச்சுக்கிட்டு, அப்படியே வயசாகி வழுக்கை விழுந்து... இப்படி ஒரு படம் எடுத்தா உலகம் அழிஞ்சா போயிடும்?"

"அழியாது சார்" என்றான் மார்க்கு. பதில் சொல்வது அவன் வேலையே இல்லை.

"நீங்க எத்தனை மார்க் குடுப்பீங்க?"

"யாரு, நானா?"

"நீங்கதான். உங்களைத்தான் கேக்கறேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்து ஸீட் பெண் யாரிடமோ சமையல் நிகழ்ச்சிக்கு மார்க் வாங்கிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, "அஞ்சு" என்றான். சொன்ன பிறகு கண் கலங்கிவிட்டது. ஒரு எண்ணைச் சொன்னதற்கு அழுத முதல் ஆள் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏதாவது சந்தேகம்னா கூப்பிடுங்க சார். அஞ்சு மணிக்கு மேல ஃப்ரீயாதான் இருப்பேன்" என்றார் நேயர்.

மார்க்குவுக்கு தினமும் சந்தேகம் வந்தது. ஐந்து மணிக்கு அந்த எண்ணை மனப்பாடமாக அழுத்துவான். முதல் மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுவார். ஒருநாள் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டால், "நேத்து லைன் செத்துடுச்சோன்னு பார்த்தேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மார்க்கு வீடு போய்ச் சேரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். இன்னொரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். அப்படியானால் அவரும் இதே பேட்டையில்தான் இருக்கிறார்! அன்றிலிருந்து தெருவில் எதிரே வருகிறவர்களின் குரலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்தான்.

சிக்கல் எங்கே என்றால், பேசிய பேச்சுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குக் கேட்டது. ஒரே வீட்டை இரண்டாம் முறை எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டால் அந்த எண்ணையே பூட்டிவிடுவார்கள். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அந்தக் குரல் போனால் வேறு குரலை எங்கே போய்த் தேடுவது? ஆகவே, ஃபோனையே எடுக்காத வீடுகளாகப் பார்த்து, ஒவ்வொரு நாள் பேச்சையும் ஒவ்வொரு வீட்டின் மேல் எழுதினான். எல்லா வீடும் விண்வெளிக்கு ஐந்து, ஆண்களின் காதலுக்கு ஐந்து.

காலையில் இதே கவலையோடு உட்கார்ந்திருக்கும்போது ஸ்டோர்காரர் வந்து நிற்பார். நெட்டையான மனிதர், நாற்காலி, விளக்கு, ஹெட்செட் எல்லாம் அவர் பொறுப்பு. ஆபீசில் மற்றவர்களின் ஹெட்செட் பஞ்சு பிய்ந்து காதைக் குத்தும். மார்க்குவுடையதை மட்டும் கேட்காமலே மாற்றிவிட்டுப் போவார்.

"உனக்கு மட்டும் எங்கயோ மச்சம் இருக்கு" என்பாள் பக்கத்து ஸீட் பெண்.

"தேங்க்ஸ் சார்" என்பான் மார்க்கு. அவர் தலையை மட்டும் ஆட்டுவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ. மார்க்கு அதற்கு மேல் அவரைப் பற்றி யோசித்ததில்லை.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் மேடம் தலைகால் புரியாமல் ஓடி வந்தாள்.

"மார்க்கு! நீ ஃபோன் போடற பேட்டையில என்னப்பா நடக்குது? தெருத் தெருவா விண்வெளியில ரெண்டு ஆம்பளைங்க குடும்பம் நடத்தணும்னு கேக்கறாங்க! சானல்காரங்க துள்ளிக் குதிக்கறாங்க. தொடராவே எடுக்கப் போறாங்களாம்!"

தொடர் எடுத்தால் தன் குட்டு உடைந்துவிடும் என்று மார்க்கு பயந்தான். அன்றே இன்னும் ஒரு இருபது முப்பது வீடுகளைப் பிடித்து, எல்லாவற்றுக்கும் "ஒன்று, சகிக்கவில்லை" என்று எழுதித் தள்ளினான். இதைப் பார்த்தால் பயந்துபோய் விட்டுவிடுவார்கள் என்பது அவன் கணக்கு.

மறுவாரம் மேடம் இன்னும் வேகமாக ஓடி வந்தாள்.

"ஊரே ரெண்டுபட்டுப் போச்சுப்பா! பாதிப் பேரு வேணுங்கறான், பாதிப் பேரு வேணாங்கறான். சானலுக்கு இதைவிட என்ன வேணும்? செலவை ரெண்டு மடங்கு ஆக்கிட்டாங்க! முதல் பகுதியை எடுத்து, முழு மார்க் போட்ட நேயர்களைக் கூட்டிட்டு வந்து போட்டுக் காட்டணுமாம். ஒரு பத்துப் பேரைப் பிடிச்சுடு."

பத்துப் பேருக்கு எங்கே போவது? இருப்பது ஒரே ஒருவர். ஐந்து மணிக்கு மார்க்கு மென்று விழுங்கினான்.

"சார், ஒரு உதவி. உங்க கருத்தைக் கொஞ்சம் மாத்திச் சொல்ல முடியுமா? சமையல் நிகழ்ச்சிதான் பிடிக்கும்னு..."

"நான் எதுல வேணா பொய் சொல்வேன். இதுல மட்டும் சொல்ல வராது."

மார்க்குவுக்கு அதைக் கேட்டதும் பயம் போய், வேறு ஏதோ வந்துவிட்டது. வாய் தானாகவே பேசியது.

"அப்ப நேர்ல வந்து சொல்லுங்களேன். படம் போட்டுக் காட்டறாங்க. நானும் இருப்பேன். நீங்க எப்படி இருப்பீங்கன்னுகூட எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

நேயரின் குரல் தாழ்ந்தது.

"நேர்ல பார்த்தா நீங்க அப்புறம் என்கூடப் பேச மாட்டீங்க."

"ஏன் சார்?"

லைன் கட் ஆனது. அவராக ஃபோனை வைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் ஐந்து மணிக்கு மார்க்கு விரலை எண்களின் மேல் வைத்தான். அழுத்த தைரியம் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அக்கா, "என்னடா, முகம் விழுந்து கிடக்கு?" என்று கேட்டாள். அதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

படம் போட்டுக் காட்டும் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல், வேறு வழியே இல்லாமல் மேடத்தின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"பேட்டையெல்லாம் இல்ல மேடம். எல்லாமே ஒருத்தர்தான். ஒரே நம்பர்."

"எந்த நம்பர்?"

அவன் ஒப்பித்தான். மேடம் முதலில் முறைத்தாள். அப்புறம் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடப்பாவி, அது நம்ம நம்பர்டா! மூணாவது மாடி! நீங்கள்லாம் ஒழுங்கா கேள்வி கேக்கறீங்களான்னு சோதிக்க நாங்களே உட்கார வச்சிருக்கற பொய் நேயர். அந்த நம்பர் மேலயே எழுதியிருந்தா கம்ப்யூட்டரே தூக்கிக் குப்பையில போட்டிருக்கும். நீ புண்ணியம் கட்டிக்கிட்டு ஊர்ல இருக்கற வீட்டு மேலல்லாம் எழுதி வச்சிருக்க!"

"அப்ப அவர் சொன்னதெல்லாம்...?"

"சம்பளத்துக்குச் சொன்னது."

ஒழுகும் குழாய், குப்பைச் சண்டை, வழுக்கைத் தலை எல்லாவற்றையும் அவன் அந்தக் குரலோடு சேர்த்து ஒரு வீட்டில் குடிவைத்திருந்தான். வாடகை ரசீதுகூட இல்லாத வீடு. அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"என் வேலை போச்சா மேடம்?"

"உன் வேலை போனா என்னுதும் சேர்ந்து போகும். வாயை மூடிக்கிட்டு இரு. ஒருத்தர் சொன்னதை ஊரே சொன்னதா காட்டறதுதானே நம்ம தொழில்? நீ கொஞ்சம் கூடுதலா செஞ்சுட்ட, அவ்வளவுதான். மேல போய் அந்த ஆளைக் கூட்டிட்டு வா. சானல்காரங்க வந்து பார்க்கறப்ப நீங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து கையைத் தட்டுங்க. மத்த எட்டுப் பேருக்கு வயித்துவலின்னு நான் சொல்லிக்கறேன்."

பக்கத்துப் பக்கத்தில். நேற்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவன் படிகளில் பறந்திருப்பான். இன்றைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அன்றைக்குக் கரண்ட் போனதே, அது ஒரே பேட்டையில் இல்லை, ஒரே கட்டடத்தில் என்பது இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்போதும் அந்தக் குரலை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது.

மூன்றாவது மாடி அறையில் நாலைந்து மேஜைகள். மேஜைக்கு ஒரு ஃபோன். எல்லா நாற்காலியும் காலி. கனத்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவிக்கொத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க நேயர் மாதிரி ஃபோன்ல பேசறவங்க..."

"எல்லாரும் கிளம்பிட்டாங்களே. யாரு வேணும் உனக்கு? கோபக்காரரா, காது கேக்காதவரா, பாதியில ஃபோனை வைக்கிறவரா? எல்லா வேஷமும் நான் எழுதிக் குடுக்கறதுதான்."

"எல்லாமே வேஷம்தானாக்கா?"

"பின்ன? மனசுல இருக்கறதைச் சொல்றதுக்கா இங்க சம்பளம் குடுக்கறாங்க?"

மார்க்கு திரும்பிவிடப் பார்த்தான். ஆனால் கால் நகரவில்லை. நாள் முழுக்க ஊரைக் கேள்வி கேட்கிறவனுக்குத் தனக்கென்று ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேசுவாரே, அவரைப் பார்க்கணும்க்கா. அதெல்லாம் சம்பளத்துக்குத்தான் சொன்னீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

அம்மாள் கண்ணாடியை இறக்கி, அவனை மேலும் கீழும் பார்த்தாள். பூட்டப் போன கை நின்றுவிட்டது.

"அஞ்சு மணிக்கு இங்க யாருப்பா சம்பளம் குடுக்கறா? நாலரைக்கெல்லாம் பூட்டிடுவோம். நம்ம ஸ்டோர்காரர்தான், இங்க பேசிக்கிட்டிருந்தவரைக் கீழ ஸ்டோருக்கு மாத்தின நாள்லேர்ந்து தினம் என்கிட்ட சாவியைக் கெஞ்சி வாங்கிக்கிட்டு வந்து, அடிக்குமா அடிக்காதான்னு இந்த ஃபோனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு!"