பூர்வீகம் மச்சானின் ஏல முட்டை

இதை எழுதப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாகவே பல வருஷம் போய்விட்டது. கர்த்தர் மன்னித்திருப்பார். என் வீட்டுக்காரி மன்னித்தாளா என்று தெரியாமல்தான் தயங்கினேன். போன வாரம் அவளே "எழுதித் தொலைங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு முட்டையைக் கையில் வாங்கியதும் அதன் பாட்டன் யார் என்று சொல்லக்கூடிய மனுஷன் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஒருத்தர்தான். என் வீட்டுக்காரியின் கூடப்பிறந்த அண்ணன். ஊரே அவரைப் "பூர்வீகம்" என்றுதான் கூப்பிடும். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் போதகருக்கே மறந்துபோனது.

தொழில் குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டுவது. மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பங்களுக்கு ஐஸ் ஏற்றிப் போவார். வரும்போது கோழித் தீனிக்குக் கருவாட்டுத் தூள் மூட்டையோடு வருவார். மற்ற நேரமெல்லாம் கொல்லையில் கோழிகளோடுதான் குடித்தனம். முட்டை வாங்க வருகிறவர் பாடு திண்டாட்டம்.

"அண்ணாத்த, ரெண்டு முட்ட குடு."

"யார் போட்டது வேணும்?"

"கோழி போட்டதுதான்!"

"எந்தக் கோழி? செவல முட்ட சின்னது, ஆனா ஒடச்சா மஞ்சக்கரு ரொம்பிக்கினு நிக்கும். அவ பொண்ணு அப்பன் வழி. பெருசா போடுவா, உள்ள வெள்ளக்கருதான் ஜாஸ்தி."

"பசங்க பசியில கீதுங்கண்ணா, ஏதோ ஒண்ணு குடு."

"ஏதோ ஒண்ணா? உன் வூட்டுக்குப் பொண்ணு எடுத்தப்ப ஏதோ ஒண்ணுன்னா எடுத்த?"

பண்ணை முட்டை அளவில், நாட்டுக்கோழியின் மஞ்சள் கரு. இதுதான் அவர் வாழ்நாள் ஆசை. பழுப்பு முட்டை போடுகிற பண்ணை வம்சத்துச் சேவலைச் செவலைக்குச் சேர்த்தார். பிறந்த பொண்ணுக்கும் அதே வம்சத்தில் இன்னொரு சேவல். அவர் சம்சாரம் தெருவுக்கே கேட்கக் கத்துவாள்: "வூட்ல பொண்ணு ஒக்காந்துகினு கீது, இந்தாளு கோழிக்கு மாப்ள தேடிக்கினு கீறாரு!"

கடைசியில் செவலையின் பேத்தி பிறந்தாள். பேர் ராணி. நினைத்த மாதிரியே பெரிய முட்டை. ஆண்டவருக்குப் படைக்கும் முன்னால் ஒன்றைக்கூட உடைப்பதில்லை என்று பொருத்தனை செய்துகொண்டார்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று பூசணி, நெல், சேவல் என்று அவரவர் விளைச்சலைக் கொண்டுவருவோம். ஜெபம் பண்ணி கோயில் வளாகத்திலேயே ஏலம் விடுவோம். அந்த வருஷம் நான் பண்டிகைக் கமிட்டி. வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ரிப்பன், நடையில் கொஞ்சம் மிதப்பு.

விடிந்ததும் ராணி போட்ட முட்டையை, நான் பார்த்துக்கொண்டிருக்கவே, சூடு ஆறாமல் எடுத்து வந்தார் மச்சான். மைக்கைப் பிடித்து அம்மா வழி, அப்பா வழி என்று ஆரம்பித்தவர், போதகர் மூன்று தரம் இருமிய பிறகுதான் விட்டார். ரிட்டையரான டீச்சரம்மா ஒருத்தர் ஏலம் எடுத்தார். "இங்கயே ஆம்லெட் போடுங்கப்பா. எல்லாரும் ருசி பாக்கட்டும்."

வாலிபர் சங்க ஸ்டாலில் கல்லில் ஊற்றியதும் குப்பென்று ஒரு வாடை. கோயில் வளாகம் முழுக்க மீன் வலை காயப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. டீச்சரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"அழுகுன முட்டையா ஆண்டவருக்கு?" என்றது ஒரு குரல். ஒரே சிரிப்பு.

"காத்தாலதான்பா போட்டா!" மச்சான் கூட்டத்தில் என்னைத் தேடினார். "மச்சான், நீ சொல்லு. கூட நின்னு பாத்தியே!"

நான் பூசணிக்காய்களைப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்றவர், "உங்களுக்குச் சொந்தமா?" என்றார்.

"வூட்டுக்காரி பக்கம். தூரத்து ஒறவு."

சொல்லி வாய் மூடவில்லை, ஏலத்துக்குக் கட்டியிருந்த சேவல் ஒன்று கூவியது. தன் குருவையே "இவரை எனக்குத் தெரியாது" என்று சொன்னவருக்குச் சேவல் கூவிய கதை எங்கள் வேதத்தில் உண்டு. நெஞ்சில் ரிப்பனோடேயே எனக்கு அழுகை வந்தது.

நான் சொன்னது வீட்டுக்காரி காதுக்குப் போய்விட்டது. ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "எங்கண்ணனே தூரம்னா, நீங்க எனக்கு இன்னா வேணும்?"

அதோடு மச்சான் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், கால்நடை டாக்டரு சொல்லிட்டாரு! முட்ட அழுகல. பழுப்பு முட்ட வம்சத்துல சில கோழிக்கு மீன் தீனி வாடைய ஒடம்பு அழிக்காதாம். அது அப்டியே மஞ்சக்கருவுல போய் எறங்கிடுமாம். மத்ததுங்களும் அதே கருவாட்டத்தான் துன்னுதுங்க, ஒண்ணும் ஆகல. பாவம், ராணி மேல தப்பில்ல. ஜோடி சேத்தவன் நானு."

என் மேலும் தப்பு இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் காபி குடித்துவிட்டுப் போனார்.

கருவாட்டை நிறுத்திவிட்டு அடுத்த பண்டிகைக்கு ராணியின் முட்டையோடு வந்தார். மைக் பக்கமே போகவில்லை. ஏலம் கேட்க ஒரு கையும் எழும்பவில்லை. நான் கேட்டேன். போட்டிக்கு ஆள் இல்லாததால் என் விலையை நானே ஏற்றினேன். எல்லார் கண்ணெதிரிலும் அவர் தோளோடு தோளாக நின்று ஆம்லெட்டைத் தின்றேன்.

"எப்டி கீது மச்சான்?"

"உப்பு கம்மி."

உடனே மைக்கைப் பிடுங்கினார். "இதோட அம்மா வழி..." சபை முழுக்க முனகல். போதகர் உட்கார்ந்தே விட்டார். நான் கடைசி வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால் ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்லுங்கள். அது நல்ல முட்டை. கேட்கிறவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தால், அவர் பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விட்டுச் சிரிக்கச் சொல்லுங்கள்.